சன்னலில் வளைவு விளக்கு: ஃப்ரைபெர்க்கில் என் முதல் குளிர்காலம்

நெய்வேலிக்காரன் | டிசம்பர் 2

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் மேற்படிப்புக்காக ஜெர்மனி வந்தேன். ஊர் ஃப்ரைபெர்க், சாக்சனி மாநிலம், எர்ட்ஸ்கெபிர்கெ (தாது மலை) என்ற மலைப்பகுதியின் அடிவாரம். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். 1168இல் இங்கே வெள்ளி கிடைத்தது, அதனால்தான் ஊரே உண்டானது. 1765இல் தொடங்கிய சுரங்கப் பல்கலைக்கழகம் இன்றும் நடக்கிறது, அதில்தான் படிக்கிறேன்.

நவம்பர் நடுவில் இருட்டு பிடித்துக்கொண்டது. மாலை நாலரைக்கெல்லாம் தெருவிளக்கு எரியும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி மாதிரி இருக்கும், மணியைப் பார்த்தால் ஐந்துதான் ஆகியிருக்கும். போன சனிக்கிழமை நூலகத்திலிருந்து திரும்பும்போது எங்கள் தெருவே மாறியிருந்தது. ஒவ்வொரு சன்னலிலும் அரைவட்ட வளைவு, அதன் மேல் வரிசையாக விளக்குகள். முதல் நாள் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே நாளில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். வயது எழுபதுக்கு மேல். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, சன்னலில் இருந்த வளைவை மட்டும் எரியவிட்டுச் சொன்னார். அதன் பெயர் ஷ்விப்போகன். குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி விடியுமுன் குழிக்குள் இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு ஏறி வருவான். ஞாயிற்றுக்கிழமை தவிர வாரம் முழுக்க அவன் கண்ணில் வெயில் படாது. அப்படி வருகிறவனுக்கு வீட்டுச் சன்னலில் வெளிச்சம் தெரிய வேண்டும். அதற்குத்தான் இது என்றார்.

வளைவுக்குப் பக்கத்தில் கையில் மெழுகுவத்தி பிடித்த மரப்பொம்மைகள் மூன்று நின்றன. வீட்டில் பையன் பிறந்தால் ஒரு சுரங்கத் தொழிலாளி, பெண் பிறந்தால் ஒரு தேவதை. தெருவில் நின்று பார்க்கிறவர் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிவிடலாம். இவர் வீட்டில் தொழிலாளி இரண்டு, தேவதை ஒன்று. ஒரு தொழிலாளிக்கு வலது கை உடைந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒட்டிய இடம் மஞ்சளாகத் தெரிந்தது.

என் அப்பா நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். திறந்தவெளிச் சுரங்கம், தலைக்கு மேல் வெயில்தான். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்வார். எங்கள் வீட்டில் சுரங்கம் என்றாலே வெயிலும் புழுதியும். வெயிலே இல்லாத சுரங்கம் ஒன்று இருக்கும், அதற்காக ஒரு மலைநாடு முழுக்க விளக்கேற்றும் என்று நான் யோசித்ததே இல்லை. அந்தச் சமையலறையில் நின்றபோது அப்பாவுக்கு உடனே போன் போடத் தோன்றியது. போட்டேன்.

இந்தப் பகுதியின் குளிர்கால வழக்கங்கள், வரலாறு பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். என்ன பார்க்கலாம், எங்கே போகலாம்?

---

கரவெட்டியான் | டிசம்பர் 2

தம்பி, நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் ரூர் பகுதியில் நாற்பது வருடமாக இருக்கிறேன். 1985 ஐப்பசியில் வந்தேன். அப்போது எங்கள் ஈழத்து ஆட்கள் கனபேர் வந்த வழியேதான்: கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் ஏறி மேற்கு பெர்லின். என்னிடம் இருந்தது ஒரு பருத்திச் சட்டையும் மெல்லிய ஜாக்கெட்டும். அந்தக் குளிரை இப்போது நினைத்தாலும் விரல் நுனி வலிக்கும்.

நீங்கள் சொல்லும் இருட்டு இங்கேயும் உண்டு, இங்கே அது நிலக்கரி இருட்டு. உங்கள் ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் "க்ளுக் அவுஃப்" என்று சொல்வார்களே, எங்கள் ஊரிலும் அதுதான். கீழே இறங்குகிறவனுக்கு அதிர்ஷ்டம் திறக்கட்டும், பத்திரமாக மேலே வரட்டும் என்று இரண்டு அர்த்தமும் அதில் சேர்ந்திருக்கிறது. 2018 டிசம்பர் 21ஆம் தேதி போட்ரோப்பில் இந்தப் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். கடைசியாக வெட்டி எடுத்த கரித்துண்டை ஜனாதிபதி ஷ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருடம் கீழே வேலை செய்தவர். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு அழுதார். நானும் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். நாளை மறுநாள், டிசம்பர் 4, புனித பார்பராவின் நாள். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் காவல் அவர்தான். அன்றைக்கு செர்ரி மரத்தில் ஒரு கிளை வெட்டி வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இரவு கிடத்திவிட்டு, பிறகு ஜாடியில் நிறுத்தி வையுங்கள். கிறிஸ்துமஸுக்குள் பூத்தால் வரும் வருடம் நல்லதாம். கிளை வெட்டுமுன் மரத்துக்காரரிடம் கேளுங்கள். தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

---

தரவுத்தேடி | டிசம்பர் 3

நல்ல இழை. கூடவே கொஞ்சம் வரலாறும் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த வளைவு விளக்கின் கதை வீட்டுக்கார அம்மா சொன்னதோடு முடிந்துவிடவில்லை.

நமக்குத் தெரிந்த பழைய ஷ்விப்போகன் 1740ஆம் ஆண்டைச் சேர்ந்தது, யோஹான்கியோர்கன்ஷ்டாட் என்ற ஊரில் கிடைத்தது. கொல்லன் இரும்பில் அடித்துச் செய்தது. ஆனால் இன்று எல்லாச் சன்னலிலும் காணும் வடிவம் வேறு. நடுவில் இரண்டு சுரங்கத் தொழிலாளிகள், ஒரு பக்கம் மரம் செதுக்குகிறவர், மறுபக்கம் பின்னல் சரிகை போடும் பெண், குறுக்கே சாக்சனியின் வாள்கள். அதை வரைந்தவர் பவுலா யோர்டான் என்ற ஓவியர். ஷ்வார்ட்சன்பெர்க் ஊரில் நடந்த நாட்டுப்புறக் கலைக் கண்காட்சிக்காக வரைந்தது. ஆண்டு 1937.

நாஜி ஆட்சியின் நடுப்பகுதி அது. "உழைக்கும் மக்கள், தாய்மண், கைத்தொழில்" என்று எங்கும் விழா எடுத்த காலம். ஆட்சியின் குளிர்கால நிவாரண வசூலில் பணம் போட்டவர்களுக்குச் சின்ன மரப்பொம்மைகளை அடையாளமாகக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பொம்மைகள். இந்த மலையின் பட்டறைகள் அதற்கு ஏராளமாகச் செய்து கொடுத்தன. பசியில் கிடந்த கிராமங்களுக்கு அது பெரிய வேலை.

இன்னொன்றும் உண்டு. ஃப்ரைபெர்க்கின் வெள்ளிச் சுரங்கம் 1913இல் மூடப்பட்டது. திரும்பத் திறந்ததும் 1937இல்தான். வெளிநாட்டை நம்பாமல் உலோகம் வேண்டும் என்ற போர்த் தயாரிப்பு அதற்குக் காரணம். கடைசியாக மூடியது 1969இல். 1937இல் அந்த வளைவை மேசையில் வரைந்தபோது, உங்கள் ஊரில் மறுபடி ஆட்கள் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கை அணைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

இசார்க்கரை | டிசம்பர் 3

தரவுத்தேடி, தகவலுக்கு நன்றி. ஆனால் படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் பதினோரு வருடமாக ம்யூனிக்கில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளில் குழந்தைகள் காகித விளக்கைக் கையில் பிடித்து வரிசையாகப் பாடிக்கொண்டு போவார்கள். அந்த விளக்கை ஒட்டிக் கொடுக்க மூன்று மாலை என் பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அது அவளுடைய விழா. அதில் எந்த வருடத்தில் யார் எதைச் சேர்த்தார் என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

1740இலிருந்து இருக்கிற ஒன்றை 1937இல் ஒருவர் வேறு மாதிரி வரைந்தார். அதற்காக அந்த அம்மாவின் சன்னலைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டுமா? தன் அண்ணன் தம்பிகளை நினைத்துத்தானே அவர் பொம்மை வைக்கிறார்.

நெய்வேலிக்காரன், இன்னொரு விஷயம். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துக் கிழக்கு ஜெர்மனியில் தேவதை என்று சொல்லக்கூடாது, "ஆண்டிறுதிச் சிறகுருவம்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது என்று இங்கே சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் அது நிஜமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

---

தரவுத்தேடி | டிசம்பர் 3

சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லவில்லை அம்மா. பொம்மை வைத்த கையும் உண்மை, 1937உம் உண்மை, அவ்வளவுதான். உங்கள் பெண்ணிடம் இப்போதே சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து வயதில் அவளே கேட்பாள்.

அந்தச் சிறகுருவச் சொல் பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே தகராறு இருக்கிறது. அதிகாரிகள் உண்மையிலேயே பயன்படுத்தினார்களா, அதிகாரிகளைக் கேலி செய்ய மக்கள் உண்டாக்கினார்களா என்பது முடிவாகவில்லை.

---

நெய்வேலிக்காரன் | டிசம்பர் 8

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஒரு வாரமாக ஆய்வகத்திலேயே கிடந்தேன்.

கரவெட்டியான் அண்ணா, கிளை வெட்டிவிட்டேன். வீட்டுக்கார அம்மா தோட்டத்தில் புளிப்புச் செர்ரி மரம் ஒன்று இருக்கிறது. அவரே கத்தரி எடுத்து வந்து எந்தக் கிளை என்று காட்டினார். மொட்டுகள் மிளகளவு இருக்கின்றன, தொட்டால் கல் மாதிரி. ஹீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

இசார்க்கரை அக்கா, கேட்டேன். "எங்கள் வீட்டில் தேவதை தேவதைதான், வேறு பெயர் யாரும் சொன்னதில்லை" என்றார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் பட்டறை இருக்கும், ஆனால் கடையில் பொம்மை கிடைக்காது. நல்ல சரக்கெல்லாம் மேற்கு நாட்டுப் பணத்துக்காக ஏற்றுமதியாகிவிடும். இந்தக் கை உடைந்த தொழிலாளியை அதனால்தான் தூக்கி எறியாமல் ஒட்டினார்களாம். 1978இல் உடைந்தது, வாங்க வேறு பொம்மை இல்லை.

சனிக்கிழமை ரைஷெ ட்செகெ சுரங்கத்துக்குள் இறங்கினோம். எங்கள் பல்கலைக்கழகத்தின் பயிற்சிச் சுரங்கம் அது. 150 மீட்டர் ஆழம். கூண்டு இறங்கும்போது காது அடைத்தது. மேலே கழித்தல் நான்கு டிகிரி, கீழே பத்துப் பன்னிரண்டு. கோடையானாலும் குளிரானாலும் கீழே அதே அளவுதான். வழிகாட்டி எல்லோர் விளக்கையும் அணைக்கச் சொன்னார். என் கையை முகத்துக்கு நேரே பிடித்தேன், தெரியவில்லை. கண் பழகும் என்று காத்திருந்தேன், பழகவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆனால் யாரோ ஒரு விளக்கைப் போட்டபோது எல்லோருடைய முகமும் அந்தப் பக்கம் திரும்பியது. வீட்டுக்கார அம்மா சமையலறை விளக்கை ஏன் அணைத்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாலையில் ஊரில் சுரங்கத் தொழிலாளிகளின் ஊர்வலம். கறுப்புக் கோட்டு, உயரமான தொப்பி, இடுப்புக்குப் பின்புறம் அரைவட்டமாக ஒரு தோல். அந்தத் தோலை நான் அலங்காரம் என்றே நினைத்தேன். ஈரப் பாறையில் உட்கார்ந்து வேலை செய்யவும் சரிவில் வழுக்கி இறங்கவும் கட்டிக்கொண்டது என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். ஒருவர் கட்டியிருந்தது பழையது, நடுவில் வெளிறித் தேய்ந்திருந்தது.

---

தரவுத்தேடி | டிசம்பர் 9

அந்த இருட்டு நிமிடத்தை நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

ஊர்வலம் பற்றி ஒரு வரி. இது தொழிலாளிகள் தங்களுக்காகத் தொடங்கியது அல்ல. நாட்டின் செல்வத்தைக் காட்ட அரசர்கள் நடத்திய அணிவகுப்பு. 1719இல் சாக்சனியை ஆண்ட பலசாலி அகஸ்டஸ் தன் மகன் திருமணத்துக்காக டிரெஸ்டன் அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளிகளைத் தீவட்டியோடு நடக்கவைத்தான். பின்னாளில் அதை அவர்களே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இப்போது சுரங்கம் மூடியாயிற்று, அரசனும் இல்லை, ஆனால் ஊர்வலம் மட்டும் நடக்கிறது. வசதிப்பட்டால் அட்வென்டின், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களின், நான்காவது ஞாயிறு அன்று அன்னாபெர்க் போங்கள், அந்தப் பருவத்தின் பெரிய கடைசி ஊர்வலம் அங்கேதான்.

---

பொறையாறு வாசகன் | டிசம்பர் 10

சாக்சனி என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்கள் ஊருக்கும் உங்கள் மாநிலத்துக்கும் முந்நூறு வருட உறவு இருக்கிறது தம்பி. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் கப்பலில் வந்து இறங்கிய சீகன்பால்கு பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே. 1682இல் பிறந்தார். தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடி ராஜ வீதியில் நிற்கிறது. அடுத்த வருடமே இறந்தார், கல்லறையும் அங்கேதான். நான் சிறுவனாக அந்தக் கோயில் நிழலில் விளையாடியிருக்கிறேன்.

புல்ஸ்னிட்ஸ் இன்னொன்றுக்கும் பேர் போனது: ஃபெஃபர்கூகன், அதாவது மிளகுப் பணியாரம். 1558இல் அந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுட உரிமை கிடைத்தது. மாவையும் தேனையும் பாகையும் பிசைந்து வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பிறகு சுடுவார்கள். பெயரில்தான் மிளகு. கடல் கடந்து வந்த எல்லா வாசனைச் சரக்கையும் அந்தக் காலத்தில் அங்கே மிளகு என்றே சொன்னார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் அதற்குள் வரும்.

யோசித்துப் பாருங்கள். ஏலக்காய் வாசனை வீசும் ஊரில் பிறந்த பையன், பெரியவனாகி அந்த ஏலக்காய் விளையும் திசைக்கே கப்பல் ஏறியிருக்கிறான். அவர் சின்ன வயதில் அதைத் தின்றிருப்பார் என்றே நினைத்துக்கொள்வேன், சான்று எதுவும் கிடையாது. நீங்கள் போனால் ஒரு துண்டு தின்று எனக்கு ருசி சொல்லுங்கள். அப்படியே ஹாலே ஊருக்கும் போய் வாருங்கள். அவர் படித்த இடம். அங்கே பிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன.

---

இசார்க்கரை | டிசம்பர் 10

பொறையாறு ஐயா, அருமை! என் மாமியார் ஊர் மயிலாடுதுறை. அடுத்த தடவை போகும்போது தரங்கம்பாடியை இந்தக் கண்ணோடு பார்ப்பேன்.

தம்பி, ஷ்டோலன் என்ற கிறிஸ்துமஸ் ரொட்டி சாப்பிட்டீர்களா?

---

நெய்வேலிக்காரன் | டிசம்பர் 15

ஐயா, நேற்று புல்ஸ்னிட்ஸ் போய் வந்தேன். சின்ன ஊர். கடைக்குள் நுழைந்ததும் கிராம்பு வாசனை. முதல் கடி கெட்டி, கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுக்கிறது. மெல்ல மெல்லத்தான் கரைகிறது. இனிப்பு அடங்கியதும் தொண்டையில் பட்டையும் ஏலக்காயும் நிற்கின்றன. எங்கள் ஆத்தா பிரசவத்துக்குக் கிண்டும் லேகியத்தின் கடைசி ருசி எப்படியோ, அது. உங்களுக்கு ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும்போது கொண்டுவருவேன்.

அக்கா, ஷ்டோலன் சாப்பிட்டேன். அதற்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு தெரிந்ததும் அசந்துபோனேன். அட்வென்ட் அந்தக் காலத்தில் நோன்புக் காலம், வெண்ணெய் கூடாது. எண்ணெயும் மாவும் தண்ணீரும் மட்டும். வாயில் வைக்க முடியாத ரொட்டி. சாக்சனி அரச குடும்பம் ரோமுக்கு முறையிட்டது. 1491இல் போப் எட்டாம் இன்னசென்ட் அனுமதி கொடுத்தார், அதை வெண்ணெய்க் கடிதம் என்கிறார்கள். வெண்ணெய் போடலாம், ஆனால் அதற்குக் காசு கட்ட வேண்டும். அந்தக் காசு போனது ஃப்ரைபெர்க் பேராலயக் கட்டுமானத்துக்கு! 1484 தீயில் எரிந்துபோன பேராலயம். தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். இன்று உள்ளே போய் அந்த உயரத் தூண்களை அண்ணாந்து பார்த்தேன். எத்தனை வீட்டு வெண்ணெய் இதில் கல்லாக நிற்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே 1714இல் ஸில்பர்மான் செய்த ஆர்கன் இருக்கிறது, யாரோ வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, அதே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். குளிரில் கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன்.

---

கரவெட்டியான் | டிசம்பர் 16

தம்பி, மொட்டு எப்படி இருக்கு? தண்ணீர் மாற்றுகிறீர்களா?

உங்கள் பக்கத்து மலையில் செய்யும் புகை விடும் மரப்பொம்மை எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள் சின்னக் கூம்பு ஒன்றைக் கொளுத்தி வைத்தால் வாய் வழியாகப் புகை வரும். கரித்தூள், குங்கிலியம், சந்தனத்தூள், உருளைக்கிழங்கு மாவு சேர்த்துப் பிசைந்து உருட்டுவது. முதல் தடவை அது எரிந்தபோது என் மனிசி குசினியிலிருந்து ஓடி வந்து, "ஆர் சாம்பிராணி போட்டது?" என்று கேட்டா. 1991ஆம் ஆண்டு. அம்மா ஊரில் செத்துப் போய் இரண்டு மாதம். எங்களால் போக முடியவில்லை. அந்தப் பொம்மையை அம்மா படத்துக்கு முன்னால் வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, மார்கழி மட்டும் இல்லை, வருடம் முழுக்க.

---

இசார்க்கரை | டிசம்பர் 16

அண்ணா, வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. படித்தேன்.

---

நெய்வேலிக்காரன் | டிசம்பர் 27

அண்ணா, முதலில் கிளை. 23ஆம் தேதி காலையில் ஒரு மொட்டின் நுனி வெள்ளையாகத் தெரிந்தது. 24 மாலைக்குள் நாலு பூ. ஐந்தாவது பாதி விரிந்து அப்படியே நின்றுவிட்டது. ஜாடியை வீட்டுக்கார அம்மாவின் மேசைக்கே எடுத்துக்கொண்டு போனேன், அன்று இரவு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

இங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒன்பது வகை வைப்பார்கள், நொய்னர்லை என்று பெயர். வீட்டுக்கு வீடு மாறும். அவர் வீட்டில் வறுத்த சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு உருண்டை, பயறு, பீட்ரூட், காளான், ரொட்டியும் உப்பும், பாலில் ஊறிய ரொட்டி, வேகவைத்த ஆப்பிள். பயறு தின்றால் சில்லறைக்குப் பஞ்சம் இராது, உருண்டை தின்றால் பெரிய பணம் வரும். தட்டுக்கு அடியில் ஒரு நாணயம். முடியும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, அதனால் எல்லாப் பாத்திரமும் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு தட்டு கூடுதலாக வைத்திருந்தார், வழிப்போக்கன் யாராவது வந்தால் என்று. எனக்கு அந்தத் தட்டு இல்லை, எனக்குத் தனியாக வைத்திருந்தார். அதைக் கவனித்தபோது தொண்டை அடைத்தது.

சாப்பிட்டு முடித்ததும் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். போருக்குப் பிறகு இந்த மலையில் சோவியத் நிர்வாகம் யுரேனியம் தோண்டியது. விஸ்மூட் என்று நிறுவனப் பெயர். 1947 முதல் 1990 வரை, 1954இலிருந்து கிழக்கு ஜெர்மனியும் பங்கு சேர்ந்து. வெள்ளி தேடி வெட்டிய அதே பாறை. அவர் அப்பா அதில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தார். சம்பளம் நல்லது, ரேஷன் கூடுதல். ஐம்பத்தி மூன்று வயதில் நுரையீரல் புற்றுநோய். ஷ்னேபெர்க் சுரங்க ஆட்களுக்கு வரும் நெஞ்சு நோய் நுரையீரல் புற்று என்று 1879இலேயே இரண்டு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். எழுபது வருடம் கழித்தும் அதே மலையில் ஆட்கள் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு தோண்டியிருக்கிறார்கள். விஸ்மூட் ஆட்களில் இந்த நோய் கண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. "அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது சன்னல் வெளிச்சத்தை மூலை திரும்பியதுமே பார்த்துவிடுவார்" என்று மட்டும் சொன்னார். கை உடைந்த பொம்மை அண்ணனுடையது.

அப்புறம் ஒரு கட்டளை. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரையுள்ள பன்னிரண்டு இரவுகளில் துணி துவைத்துக் காயப்போடக் கூடாதாம். நான் இருக்கும் சட்டையை எண்ணிப் பார்த்தேன், தாங்கும்.

---

தரவுத்தேடி | டிசம்பர் 28

இந்தப் பதிவுக்காக நன்றி. விஸ்மூட் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அந்தத் தெருமூலையை எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரில் இன்னொரு குளிர்காலமும் இருக்கிறது. 1944-45. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து சுமார் ஆயிரம் யூதப் பெண்களை ஃப்ரைபெர்க்குக்குக் கொண்டுவந்து, விமான உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அடிமை வேலை வாங்கினார்கள். ஃப்ளோஸன்புர்க் முகாமின் கிளை அது. மெல்லிய உடையில், பனியில், ஊர்த் தெருக்கள் வழியாக அவர்களை நடத்திப் போனார்கள். 1945 ஏப்ரல் நடுவில் திறந்த ரயில் பெட்டிகளில் ஏற்றி மவுட்ஹவுஸன் முகாமுக்கு அனுப்பினார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை பிழைத்தது.

ஜனவரி 27 ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட நாள், ஜெர்மனி முழுவதும் நினைவு நாள். அன்று ஊரில் இருந்தால் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.

---

நெய்வேலிக்காரன் | பிப்ரவரி 3

ஒரு மாதம் தேர்வு. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது.

ஜனவரி 27 அன்று போனேன். காலையில் பனி விழுந்து சேறாகிக் கிடந்தது. அந்தப் பெண்களை வேலை வாங்கிய கட்டடம் இருந்த தெருவை என் சைக்கிளில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். பூ வைத்தவர்கள் கொஞ்சம் பேர். பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். என் காலில் நல்ல பூட்ஸ், இரண்டு சாக்ஸ், அப்படியும் இருபது நிமிடத்தில் விரல் விறைத்தது. திரும்பும்போது சன்னல்களில் வளைவுகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. 1944 டிசம்பரில் இருட்டடிப்பு, சன்னல் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. அப்படியானால் அந்தப் பெண்கள் இருட்டுத் தெருவில்தான் நடந்திருப்பார்கள். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் அப்போது பிறந்திருக்கவில்லை. அவருடைய அம்மா பார்த்திருக்கிறார், மரக்கட்டைச் செருப்புச் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது என்று ஒருமுறை சொன்னாராம். அதற்கு மேல் பேசவே இல்லையாம்.

இசார்க்கரை அக்கா, நீங்களும் தரவுத்தேடி அண்ணனும் பேசியதைத் திரும்பப் படித்தேன். நான் இரண்டு பேர் பக்கமும் இருக்கிறேன். அடுத்த டிசம்பரில் நானும் என் அறைச் சன்னலில் ஒரு வளைவு வைப்பேன்.

நேற்று பிப்ரவரி 2, லிக்ட்மெஸ் என்ற கிறிஸ்தவத் திருநாள். இந்த மலைப்பகுதியில் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் எடுத்து வைப்பார்கள். பொம்மைகளைச் சுற்றி வைக்க வீட்டுக்கார அம்மா உதவிக்குக் கூப்பிட்டார். சுற்றுகிற காகிதம் பழைய செய்தித்தாள், மஞ்சளேறி ஓரம் பொடிந்திருந்தது. தேதியைப் பார்த்தேன், 1989 டிசம்பர். பெர்லின் சுவர் திறந்து ஒரு மாதம். ஒரு பக்கத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல், மறுபக்கம் கூட்டங்கள் பற்றிய அறிவிப்புகள். நான் நின்று படிக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் தேவதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேறு நல்ல காகிதம் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இது அந்தந்தப் பொம்மைக்குப் பழகிய மடிப்பு, அதே மடிப்பில் சுற்று என்றார். கை உடைந்த தொழிலாளிக்கு நிகழ்ச்சி நிரல் பக்கம். சுற்றிப் பெட்டியில் வைத்தோம். மணி ஐந்தே கால், வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.